கால் ஆறிவிட்டது

"நீங்க இவருக்கு என்னா வேணும்?"

கோலாலம்பூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதியும் பெண் வீரம்மாவிடம் இப்படிக் கேட்டாள். தமிழ்ப் பெண்தான். கேள்வியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை; காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி அது. வீரம்மா வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற மார்க்கிரட் முந்திக்கொண்டார்.

"வீட்டப் பாத்துக்கிறவங்க. நான்தான் கூடப்பொறந்த அக்கா. என் பேர எழுதிக்குங்க."

சக்கர நாற்காலியில் இருந்த அந்தோனிப்பிள்ளை தலையைத் திருப்பித் தன் அக்காவைப் பார்த்தார். சண்டை போட அவருக்கு அன்று தெம்பு இல்லை. வாந்தி எடுத்து எடுத்துத் தொண்டை புண்ணாகியிருந்தது.

அன்று சாயங்காலம் வீரம்மா எங்கள் வீட்டுப் பின்கொட்டகையில் தேங்காய் துருவிக்கொண்டே இதை அம்மாவிடம் சொன்னாள். அழவில்லை. தேங்காய் மூடி ஓடு தெரியும்வரை தேய்ந்த பிறகும் துருவிக்கொண்டிருந்தாள். பூவோடு கறுப்பு விழுந்தது. அம்மா மூடியை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் பண்டமாரானில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒட்டினாற்போல இருந்தன. இரண்டும் பலகை வீடுகள். தகரக் கூரையில் துறைமுகத்துப் புழுதி படிந்து, மழை பெய்தால் சாம்பல் நிறத்தில் வடியும். அந்தோனிப்பிள்ளை துறைமுகத்துக் கிடங்கில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினார். வீரம்மா நாசி லெமாக் போட்டு விற்றாள். விடியும் முன்னே தேங்காய்ப்பால் சோறு வடித்து, சம்பல் வதக்கி, நெத்திலி பொரித்து, வாழையிலையில் வைத்துப் பழைய பேப்பரில் மடித்து, சைக்கிளில் துறைமுகக் கேட்டுக்குக் கொண்டுபோவாள். சீனரும் மலாய்க்காரரும் நம்மவரும் ஒரே கூட்டமாக வந்து நிற்பார்கள். ஏழரைக்குள் கூடை காலியாகிவிடும்.

அவருக்கு நோய் கண்ட பிறகு சம்பல் வாசனை ஆகவில்லை. மிளகாய் எண்ணெயில் விழும் சத்தம் கேட்டாலே குமட்டும். அதனால் அவள் அடுப்பு, குண்டான், கூடை எல்லாம் எங்கள் பின்கொட்டகைக்கு வந்துவிட்டன. அவர் பட்டினி கிடக்க, அவள் பக்கத்து வீட்டில் ஊருக்கே சோறு கட்டினாள். நெத்திலித் தலையைக் கிள்ளிப் போடுவது எங்கள் வீட்டு வேலையாயிற்று.

மார்க்கிரட் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர். அவர்கள் அப்பா ரயில்வேயில் இருந்தபோது கிடைத்த பழக்கத்தில் அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டாப் நர்ஸ். ஓய்வு பெற்ற பிறகும் எல்லாருக்கும் அவர் மிஸ்ஸிதான். வீரம்மாவுக்கும் மிஸ்ஸிதான். அண்ணி என்று கூப்பிட யாரும் அவளுக்கு இடம் கொடுத்ததில்லை.

காரணம் பழையது. அந்தோனிப்பிள்ளை இளவயதில் கேரி தீவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அங்கே தோட்டத்தில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த வீரம்மாவைப் பார்த்தார். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். தோட்டத்துக் கோயிலில் மஞ்சள் கயிற்றில் தாலி கட்டிக் கூட்டி வந்தார். அவர் அப்பா வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார். சர்ச்சில் நடக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று அன்றைய பாதரும் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவருக்குப் பூசையில் பாதர் கையால் அப்பம் பெறும் உரிமை, நன்மை வாங்கும் உரிமை போயிற்று. பிள்ளையும் பிறக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிள்ளான் சர்ச்சுக்குப் போவார், பூசை முடியும்வரை வெளியே மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் நிற்பார், திரும்பி வந்துவிடுவார்.

"உள்ள போயி உக்கார வேண்டியதுதானே, யாரு வேணாங்குறா?" என்று அம்மா ஒருமுறை கேட்டார்.

"தங்கமணி, எனக்கு எல போடாத பந்தியில நான் எதுக்கு உக்காரணும்? வெளிய நின்னா வாசனையாச்சும் வரும்" என்று சிரித்தார்.

வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்து, கட்டி என்றும், ஈரலுக்கும் போய்விட்டது என்றும், அறுக்க முடியாது என்றும் சொன்ன அன்று அவர் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். பிறகு வீரம்மாவைக் கூப்பிட்டார்.

"புள்ள, ஒரே ஒரு தடவ நன்மை வாங்கிட்டுப் போயிரணும். உன் புருஷனா இருந்து வாங்கணும். உன்னை உட்டுட்டு இல்ல."

வேறு எதையும் அவர் கேட்கவில்லை. மருந்து கேட்கவில்லை. வீரம்மாவுக்கு அதன் பிறகு அது ஒன்றுதான் வேலை.

மார்க்கிரட் வழி சொன்னார். முதலில் வீரம்மா சர்ச்சில் வேதம் சொல்லித்தரும் கிளாசுக்குப் போக வேண்டும். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம். அதற்கு அடுத்த வாரம் சர்ச்சில் கல்யாணம். அதன் பிறகு அவர் நன்மை வாங்கலாம். "எல்லாத்துக்கும் ஒரு மொற இருக்கு" என்றார் மார்க்கிரட். அப்போது பொங்கல் முடிந்த கையோடு இருந்தது. ஈஸ்டர் ஏப்ரல் முதல் வாரம். அதுவரை அவர் இருப்பாரா என்பதுதான் கேள்வி.

டாக்டர் சண்முகரத்தினத்திடம் இதைக் கேட்கத்தான் அவர்கள் அன்று கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வீரம்மா கேட்க நினைத்ததை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். டாக்டரே ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பி வைத்துச் சொன்னார்.

"அம்மா, இதுல சி.ஆர்.பி.ன்னு ஒரு நம்பர் இருக்கு. ஒடம்புக்குள்ள எங்கயாச்சும் நெருப்புப் புடிச்சா இது ஏறும். சாதாரணமா பத்துக்குள்ள இருக்கணும். இவருக்கு எம்பதத் தாண்டியிருக்கு."

"எங்க டாக்டர் நெருப்பு?"

"அத இது சொல்லாது. பொக வருதுன்னு மட்டுந்தான் சொல்லும். இவருக்குக் கால்ல புண்ணு இருக்குல்ல? அதனாலயும் ஏறும். வயித்துக் கட்டியே ஏத்துனாலும் ஏத்தும்."

வலது கணுக்காலுக்கு மேல் அந்தப் புண் இருந்தது. கிடங்கில் மரப் பலகையின் ஆணி கிழித்தது. ஆறாமல் மாதக்கணக்கில் சீழ் வைத்துக் கிடந்தது.

"கட்டியால ஏறுச்சுன்னா?" என்று வீரம்மா கேட்டாள்.

டாக்டர் மார்க்கிரட்டைப் பார்த்தார். மார்க்கிரட் தாளைப் பார்த்தார்.

"அப்படி ஏறுனவங்க ரொம்ப நாள் தாங்குறதில்லம்மா. தின்னது ஒடம்புல ஒட்டாது. சத்து எறங்கிக்கிட்டே போவும். கீமோ குடுத்தா அதையும் ஒடம்பு தாங்காது. ஆனா கால்னா வேற. ஆன்டிபயாட்டிக் குடுத்து அணைச்சிரலாம். நம்பர் எறங்கும். எறங்குச்சுன்னா மருந்து ஏத்திப் பாக்கலாம், நாலஞ்சு மாசம் கேக்கலாம். மொதல்ல புண்ண ஆத்துங்க. அடுத்த மாசம் மறுபடி ரத்தம் பாப்போம்."

"அப்ப கால்தான் டாக்டர்" என்றாள் வீரம்மா. "கால்தான். நான் பாத்துக்கிறேன்."

அந்தக் காலை அவள் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் கைக்குழந்தையைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கேட்டில் கூடை காலியானதும் சைக்கிளை மிதித்து வந்து, குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டுதான் புண்ணைத் தொடுவாள். உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். பஞ்சு. கிளினிக்கில் கொடுத்த மஞ்சள் மருந்து. துணியை வெந்நீரில் அலசி எங்கள் கொடியில் உச்சி வெயிலில் காயப் போடுவாள்; நிழல் விழுந்தால் இடம் மாற்றுவாள். மாத்திரையை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பாள். பாதி வாந்தியில் போனால் கிளினிக்குக்கு ஓடிப் போய் மறுபடி கேட்டு வாங்குவாள்.

புண் ஆற ஹாருவான் மீன் நல்லது என்று கேட்டில் ஒரு மலாய்க்காரர் சொன்னார். நம்முடைய விரால்தான். அவரே தன் கம்பத்துக் கிராமத்து ஓடையில் பிடித்து வாளியில் உயிரோடு கொண்டுவந்து கொடுப்பார். வீரம்மா அதை இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டுச் சாறு வைப்பாள். எண்ணெய் இல்லை, மிளகாய் இல்லை. அந்தத் தண்ணீர் மட்டும் அவருக்கு நாலு கரண்டி இறங்கியது.

"என்னாங்க, இன்னும் ரெண்டு வாய்."

"இது எனக்கா, என் காலுக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

"அப்ப கால்கிட்ட நேரா ஊத்திரு. நடுவுல நான் எதுக்கு கமிஷன் ஏஜன்ட்டு மாதிரி?"

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவரும் சிரிப்பார், சிரித்தால் வலிக்கும், நிறுத்திவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்கு மட்டும் அவள் லீவு விட்டாள். அன்று காலை கிள்ளான் பஸ் பிடித்துக் கிளாசுக்குப் போக வேண்டும். அவளுக்குப் படிப்பு வராது. அங்கே சொல்லித்தந்த ஜெப மந்திரங்களை அம்மாவிடம் ஒப்பித்துக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். எங்களுக்கும் சர்ச்சுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மந்திரங்கள் மனப்பாடமாகிவிட்டன.

கிளாசை நடத்தியவர் பாதர் கிரிகரி. இளவயதுக்காரர். ஈப்போ பக்கம். கிள்ளானுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடம் முடிந்ததும் அவளைக் கேட்டார்.

"வீரம்மா, ஒங்க வீட்டுக்காரரு ஒருநாளும் வரலியே. கல்யாணத்துக்கு முன்னால அவரும் வரணும்லா."

"அவருக்குக் காஸ்ட்ரிக் பாதர். வயிறு சரியில்ல."

"நான் வேணா வீட்டுக்கு வந்து பாக்கட்டுமா?"

"வேணாம் பாதர். சொகமானதும் கூட்டியாறேன்."

பக்கத்துப் பெஞ்சில் கபிரியேலின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கபிரியேல் துறைமுகத்தில் அந்தோனிப்பிள்ளையோடு போர்க்லிப்ட் ஓட்டுகிறவர். தினமும் வீரம்மாவிடம் மூன்று பொட்டலம் வாங்குகிறவர். கேன்சர் என்ற சொல் ஒருவர் காதில் விழுந்தால் கேட்டில் நிற்கும் அத்தனை பேருக்கும் விழுந்துவிடும். அந்தக் காலத்தில் பலர் அது ஒட்டிக்கொள்ளும் என்றே நம்பினார்கள்.

"வெளிய தெரிஞ்சா என் கையால எவன்கா வாங்கித் திம்பான்?" என்று அம்மாவிடம் சொன்னாள். "மிஸ்ஸியும் சொல்லக்கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க. குடும்பப் பேரு போயிருமாம்."

"பாதர்கிட்டகூடவா?"

"என்னக் கிளாசுல சேத்தப்பவே பாதருக்கு காஸ்ட்ரிக்னுதான் மிஸ்ஸி சொல்லி வச்சிருக்காங்க. நான் மாத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

மாசி மாதம் வெயில் கொளுத்தியது. சாயங்காலமானால் கடல் பக்கமிருந்து கறுத்து வந்து இடி இடிக்கும். சில நாள் பெய்யும், சில நாள் ஏமாற்றும். அப்படி ஏமாற்றிய ஒரு சாயங்காலம் வீரம்மா எங்கள் வீட்டுக்குள் செருப்போடு ஓடி வந்தாள்.

"அக்கா! வந்து பாருங்க! காஞ்சிருச்சுக்கா!"

போய்ப் பார்த்தோம். புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் மூடியிருந்தது. சுற்றிலும் வீக்கம் இல்லை. அழுத்தினால் வலிக்கவில்லை என்றார் அந்தோனிப்பிள்ளை. அந்தக் கால் மட்டும்தான் நன்றாக இருந்தது. அதற்கு மேலே முழங்கால் முட்டி தூக்கிக்கொண்டு, தொடை வற்றி, கழுத்து எலும்பில் குழி விழுந்திருந்தது. வீரம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. அன்று அவள் எங்களுக்கெல்லாம் பாயசம் காய்ச்சிக் கொடுத்தாள்.

மறுவாரம் ரத்தம் கொடுத்து, சில நாள் கழித்து முடிவு கேட்கப் போனார்கள். டாக்டர் அறையில் உட்கார்ந்ததும் வீரம்மா குனிந்து அவருடைய கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினாள்.

"பாருங்க டாக்டர்."

டாக்டர் எழுந்து வந்து, குனிந்து, கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "சுத்தமா ஆறியிருக்கே" என்றார்.

"துணிய தெனம் வெயில்ல போட்டேன் டாக்டர். மஞ்ச மருந்து, உப்புத் தண்ணி. ஹாருவான் சாறு."

"நல்லா பாத்திருக்கீங்கம்மா. ரொம்ப நல்லா பாத்திருக்கீங்க."

சொல்லிக்கொண்டே மேசைக்குப் போய்த் தாளை எடுத்தார். அதைப் படித்து முடித்த பிறகும் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "மிஸ்ஸி, கொஞ்சம் வாங்க" என்று மார்க்கிரட்டை வெளியே கூப்பிட்டுப் போனார்.

வராந்தாவில் அவர்கள் இங்கிலீஷில் பேசினார்கள். நம்பர் நூற்று முப்பதுக்கு ஏறியிருந்தது. ரத்தத்தில் இருக்க வேண்டிய சத்து பாதிக்குக் குறைந்திருந்தது. கால் ஆறாமல் இருந்திருந்தால், எல்லாம் காலால்தான் என்று இன்னும் கொஞ்ச நாள் சொல்லிக்கொள்ள இடம் இருந்திருக்கும். கால் ஆறிவிட்டது. நெருப்பு அங்கே இல்லை. அது வயிற்றில்தான் எரிகிறது. அதை அணைக்க வழியில்லை. வாரங்கள்தான் என்றார் டாக்டர். மாதம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. இதையெல்லாம் காரியம் கைமீறிப் போன பிறகுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அன்றைக்கே தெரிந்தவர் மார்க்கிரட் ஒருவர்தான்.

திரும்பி வந்த டாக்டரிடம் வீரம்மா கேட்டாள். "நம்பர் எறங்கிருச்சா டாக்டர்?"

"மிஸ்ஸிகிட்ட வெவரமா சொல்லியிருக்கேன்மா. மருந்து ஏத்த வேணாம். வலிக்குத் தரேன், வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க."

டாக்சியில் மார்க்கிரட் முன்னால் உட்கார்ந்தார். வண்டி பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டியது. மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியை ஏற்றியதும் உள்ளே மூச்சு முட்டியது.

"மிஸ்ஸி, நம்பரு?" என்றாள் வீரம்மா.

"கொஞ்சம் ஏறியிருக்கு."

"கால்தான் ஆறிருச்சே?"

"ரத்தம் சுத்தமாவ நாளெடுக்கும். ஒனக்கு அதெல்லாம் புரியாது. ஈஸ்டர்வரைக்கும் தாங்கும். நீ கிளாச உடாத."

அந்தோனிப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தார்கள்.

"அக்கா" என்றார். "வார்டுல இருந்தப்ப மத்த பேஷண்டுங்ககிட்டயும் இப்படித்தான் சொல்லுவியா?"

"பேசாம தூங்குடா."

"நல்லா சொல்ற. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு."

மார்க்கிரட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்சிக்காரர் ரேடியோவைப் போட்டார்.

அதற்குப் பிறகு வேகமாகப் போயிற்று. ஹாருவான் சாறும் இறங்கவில்லை. வயிறு மட்டும் பானைபோல் ஏறியது. வாய் வறண்டால் பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பாள். ஒருநாள் அவர் அவளைக் கிட்டே கூப்பிட்டு, "ஈஸ்டர் வேணாம் புள்ள. பாதரக் கூட்டிட்டு வா" என்றார்.

வீரம்மா அன்றே எங்கள் வீட்டுப் போனில் பிரிக்பீல்ட்ஸுக்குப் பேசினாள். மறுநாள் மார்க்கிரட் வந்தார். கூடத்தில் நின்றுதான் பேசினார்கள். பலகைச் சுவர் எதையும் மறைக்காது.

"பாதரக் கூப்புடலாம் மிஸ்ஸி. அவரே கேக்குறாரு."

"கூப்புட்டா என்னா நடக்கும்னு தெரியுமா ஒனக்கு? கல்யாணம் ஆவாம சேந்து வாழ்றீங்க. அந்த நெலமையில பாதர் சாகுறவங்களுக்குப் பூசுற அவஸ்தை எண்ணெயும் பூசமாட்டாரு, நன்மையும் குடுக்கமாட்டாரு. வேணும்னா ஒன்ன வீட்ட உட்டுப் போவச் சொல்லுவாரு. போறியா?"

வீரம்மாவின் குரல் கேட்டது.

"போறேன் மிஸ்ஸி."

"என்னா?"

"அவருக்குக் கெடைக்கும்னா நான் போறேன். கேரி தீவுல எங்கண்ணன் வீடு இருக்கு. பாதர் வர்ற அன்னைக்குக் காலையிலயே போயிர்றேன். தங்கமணி அக்கா அவரப் பாத்துக்குவாங்க."

மார்க்கிரட் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் குரல் ஏறியது.

"பைத்தியம் மாரி பேசாத. நீ இல்லாம அவன் ஒரு வாய் தண்ணி குடிப்பானா? இன்னும் மூணு வாரந்தான். ஈஸ்டர் வரட்டும். மொறயா நடக்கட்டும். இப்பப் போயி பாதர்கிட்ட எதையாச்சும் ஒளறி வைக்காத. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த சர்ச்சுல ஏறுவேன்?"

"சரிங்க மிஸ்ஸி" என்றாள் வீரம்மா.

முப்பது வருஷம் நோயாளிகளைப் பார்த்தவர் சொல்கிறார். சர்ச்சிலேயே பிறந்து வளர்ந்தவர் சொல்கிறார். வீரம்மா எதை வைத்து மறுப்பாள்? அம்மா மட்டும் அன்று சாயங்காலம், "நீயே போயிச் சொல்லேன் வீரம்மா. பாதரும் மனுசன்தானே" என்றார். "நம்ம போயி அவங்க மொறையில கைய வச்சி, கடைசியில அவருக்கு ஒண்ணுமே கெடைக்காமப் போயிட்டா?" என்றாள் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மூச்சு ஒரு மாதிரி இருந்தது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. வீரம்மா கிளாசுக்குப் போகவில்லை என்றாள். முந்தின நாளே வந்து தங்கியிருந்த மார்க்கிரட், "ஒரு கிளாஸ் உட்டாலும் ஈஸ்டருக்குப் பேரு எடுத்துருவாங்க. போயிட்டு வா, நான் இருக்கேன்" என்று அனுப்பினார். அந்தோனிப்பிள்ளை அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கினார். அவள் அதை, போய் வா என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் கிளம்பிச் சற்று நேரத்தில் மார்க்கிரட் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தோம். போனை எடுத்துக் கிள்ளான் சர்ச்சுக்குச் சுற்றினார். விரல் தவறித் தவறி மறுபடி சுற்றினார். எடுத்தவரிடம் தம்பி பேரையும் ஊரையும் மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கிளாசில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பாதர் கிரிகரியைக் கூப்பிட்டு அந்தப் போன் செய்தியைச் சொன்னார்கள். வீரம்மாவின் வீட்டுக்காரர் பெயர் அவருக்குத் தெரியாது. அவர் எண்ணெய்க் குப்பியும் பையுமாகத் திரும்பி வந்து, "பண்டமாரான்ல ஒருத்தரு சாகக் கெடக்குறாராம். அந்தோனிப்பிள்ளைன்னு பேரு. யாருக்காச்சும் வீடு தெரியுமா?" என்று கேட்டார்.

வீரம்மா எழுந்து நின்றாள்.

"அது எங்க வீடு பாதர்."

பாதர் ஓட்டிய பழைய காடியில் இருவரும் வந்து இறங்கினார்கள். வாசலில் எங்கள் அம்மா நின்ற நிலையைப் பார்த்ததுமே வீரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. உடம்பில் சூடு இருந்தது. மார்க்கிரட் தாடையைத் துணியால் கட்டி முடித்திருந்தார். நர்ஸ் கை, ஒழுங்காகக் கட்டியிருந்தது. பாதர் முட்டி போட்டு நெற்றியில் எண்ணெய் வைத்து ஜெபம் சொன்னார். வீரம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்த வலது காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெபம் முடிந்ததும் பாதர் எழுந்து நின்று கேட்டார். "எத்தன நாளா இவருக்கு இப்படி?"

அம்மாதான் சொன்னார். "போன வருசக் கடைசியிலயே கண்டுபுடிச்சிட்டாங்க பாதர். வயித்துல கேன்சர். ரெண்டாவது ரத்தம் பாத்து ஒரு மாசமாவது."

"காஸ்ட்ரிக்னு சொன்னீங்களே மிஸ்ஸி. போன வாரங்கூட போன்ல கேட்டேனே" என்று பாதர் மார்க்கிரட்டைப் பார்த்தார். பிறகு வீரம்மாவைப் பார்த்தார். "நீங்களும் அதானேம்மா சொன்னீங்க? நான் வரவான்னு கேட்டேன்லா?"

"ஈஸ்டருக்குக் கல்யாணம் வச்சிருந்தோம் பாதர்" என்றாள் வீரம்மா. "ஞானஸ்நானம் எடுத்துட்டு. அதுக்கு முன்னால ஒங்களக் கூப்புட்டா நான் வீட்ட உட்டுப் போவணும்னாங்க."

"யாரு சொன்னா?"

மார்க்கிரட் குனிந்து போர்வையை இழுத்துச் சரி செய்தார்.

"அம்மா, சாகக் கெடக்குறவருக்கு ஈஸ்டரும் வேணாம், கிளாசும் வேணாம். ஒங்களுக்கு ஞானஸ்நானங்கூட வேணாம். பிஷப்பக் கேக்கக்கூட நேரமில்லன்னா நானே அனுமதி குடுக்கலாம். சட்டத்துலயே எடமிருக்கு. ரெண்டு சாட்சி நின்னா போதும். இந்தக் கட்டில்லயே, பத்து நிமிசத்துல ஒங்களுக்குக் கல்யாணம் பண்ணி வச்சி அவருக்கு நன்மை குடுத்திருப்பேன். போன வாரம் சொல்லியிருந்தா போதுமே. நேத்துச் சொல்லியிருந்தாகூட…"

எண்ணெய்க் குப்பியைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். சின்ன வயசுதானே.

"எனக்குத் தெரியாது பாதர்" என்றார் மார்க்கிரட். "சத்தியமா இது எனக்குத் தெரியாது."

அது உண்மையாகத்தான் இருக்கும் என்று அம்மா பிறகு சொன்னார். முறை அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் தம்பிக்கு மிஞ்சிய நாள் தெரியும். ஒரு மாதமாகத் தெரியும்.

மறுநாள் அடக்கம். பாதர் பூசையில், "இவருடைய மனைவி வீரம்மா" என்று மைக்கில் சொன்னார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருந்த பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கல்லறையில் ஒருத்தி அம்மாவிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ்ஸி தம்பி கல்யாணமே பண்ணிக்கலன்னுதானே எங்ககிட்ட சொல்லியிருந்தாங்க? இது யாரு ஆன்டி?"

"பாதர் சொன்னது ஒங்க காதுல விழலியா?" என்றார் அம்மா.

துறைமுகத்திலிருந்து கபிரியேலும் மற்றவர்களும் வேலை உடுப்போடு வந்திருந்தார்கள். கேன்சர் என்று இப்போது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. "எங்ககிட்ட சொல்லியிருந்தா ஆளுக்கொரு நாள் வந்து பாத்திருப்போமே அக்கா" என்று கபிரியேல் வீரம்மாவிடம் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் கோப்பியும் ரொட்டியும் கொடுத்தோம். வெளியே தார்ப்பாயின் கீழ் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மழை வருவதுபோல இருட்டிக்கொண்டு வந்தது. வீரம்மா பின்பக்கம் குந்தி உட்கார்ந்து கிளாஸ்களைக் கழுவினாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மார்க்கிரட் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அவளைப் பார்த்தபடி நின்றார். ஒரே நாளில் அவருக்கு வயசு கூடியிருந்தது.

"வீரம்மா" என்றார். "பாதர்கிட்ட பேசிட்டேன். ஈஸ்டருக்கு ஒனக்குக் கட்டாயம் ஞானஸ்நானம் குடுக்குறேன்னுட்டாரு. நீ உட்டுறாத. அந்தோனிக்கும் அதான் ஆசயா இருக்கும்."

வீரம்மா அடுத்த கிளாசை எடுத்துக் கழுவினாள்.

"நான் ஒனக்கு ஞானத்தாயா நிக்கிறேன்" என்றார் மார்க்கிரட். "எல்லாரும் பாக்க நானே கூட நிக்கிறேன்."

வீரம்மா கையிலிருந்த கிளாசைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். குழாயை மூடினாள். எழுந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நிலையில் நின்ற மார்க்கிரட் ஒதுங்கி வழிவிடும்வரை காத்திருந்து, கூடத்தைக் கடந்து முன்வாசலுக்குப் போனாள். தார்ப்பாயின் கீழ் இருந்த ஆண்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள். பாதர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அம்மா, "எங்க போற வீரம்மா? மழ வருது" என்று கூப்பிட்டார்.

அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கேரி தீவு பஸ் வரும் பெரிய ரோட்டுப் பக்கமாக நடந்து போனாள்.